ராஜாளிக்கு மாட்டேன் சொன்னவர்

அன்றைய அமீரகத்து இணையதளங்களில் பாதி, எங்கள் 'மாட்டேன்' அண்ணாச்சி திட்டித் திட்டிப் பிறந்தவைதான். மீதிப் பாதியை யாரும் திறந்து பார்த்ததில்லை.

முவைலாவில் ஒரு டயர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். டிசைனர் ஒரு பக்கத்தை அழகான படமாக வரைந்து கொடுப்பார். அதை நறுக்கி, கோடிங் எழுதி, எழுத்தைப் படிக்கவும் பட்டனை அழுத்தவும் முடிகிற பக்கமாக்குவது திருநெல்வேலிக்காரரான அண்ணாச்சியின் வேலை. எதைக் கொடுத்தாலும் முதலில் மாட்டேன் என்பார். பொடி எழுத்தா, மாட்டேன். பக்கம் திறந்ததும் பாட்டா, மாட்டேன். டீயில் சர்க்கரை குறைந்தால் அதையும் குடிக்க மாட்டார்.

ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி வைத்திருந்த ஓர் அரபி முதலாளி, தளத்தைத் திறந்ததும் திரை முழுக்க ஒரு ராஜாளி பறக்க வேண்டும், பிறகுதான் டைல்ஸ் தெரிய வேண்டும் என்றார். டிசைனர் இறகு இறகாக வரைந்துவிட்டார். அண்ணாச்சி வழக்கம்போல மாட்டேன் என்றுவிட்டுத்தான் ராஜாளியை ஏற்றினார். கூடவே, அதைத் தாண்டிப் போக ஒரு பட்டனும் வைத்தார். பட்டன் ராஜாளியைவிடப் பெரிது.

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். அதட்டத் தெரியாதவர்.

"ஏனுங்ண்ணா, அந்தப் பட்டனை மட்டும் எடுத்துருங்களேன்."

"மாட்டேன். முசஃபாவுல ஒருத்தன் போன் லைன்ல நெட்டப் போட்டு டைல்ஸ் பாக்க வாரான். அவன வாசல்ல நிறுத்தி பறவை காட்டச் சொல்லுதியளா?"

கடைசியில் முதலாளியே வந்துவிட்டார். பட்டன் எவ்வளவு அசிங்கம் என்று காட்ட, எங்கள் கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்தார். எங்கள் நெட்டும் போன் லைன்தான்; ராஜாளி ஒற்றைச் சிறகோடு வந்து நின்றது. மற்றது வரவில்லை. மேனேஜர் ஏசியைக் கூட்டினார். டீ வந்தது, குடித்தாயிற்று. பிறகு முதலாளியின் விரல் தானாகப் போய் அந்தப் பட்டனை அழுத்தியது.

பெரிய மனிதர் அவர். சிரித்துவிட்டு, பட்டன் இருக்கட்டும், அளவைப் பாதியாக்கினால் போதும் என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது.

"மாட்டேன்," என்றார் அண்ணாச்சி.

வேலை போயிற்று, விசாவும் கேன்சல் ஆனது. மேனேஜர் கண்கலங்கி நீட்டிய காகிதத்தில் ஓர் எழுத்துப்பிழை. திருத்தித் தந்தால்தான் கையெழுத்து என்றார் அண்ணாச்சி. திருத்தித் தந்தோம்.

ஏர்போர்ட் போகும் வழியில், கொஞ்சம் சிறிதாக்கியிருந்தால் என்ன என்று கேட்டேன்.

"கண்ணு மங்குன ஆளுக்குத் தெரியாதுல்லாடே. அப்புறம் என்னத்துக்கு வேலை பாக்கது?"

அவர் இடத்துக்கு வந்தவர் எதற்கும் சரி என்பார். வந்த வேகத்தில் பட்டனைச் சிறிதாக்கினார். ஆபீசில் சண்டை ஓய்ந்தது. எனக்குத்தான் வேலைக்குப் போகவே பிடிக்காமல் போயிற்று.