ஒற்றைக் காதுப் படம்

விவேக் நகர், பெங்களூரு

அன்புக்குரிய மச்சான் தனக்கோடி அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் அப்பாதுரை வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் மகள் வீணா என்னோடு பேசுவதில்லை. மற்றபடி ஒரு குறையும் கிடையாது.

எங்கள் ஏரியாவில் போட்டோ எடுக்கப் பழகுகிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், வீணாவும் அதில் உண்டு. பெயர் போடாமல் படங்களைச் சுவரில் காட்டுவார்கள், அழைக்கப்பட்டவர் குறை நிறை சொல்ல வேண்டும், சொன்ன பிறகு எடுத்தவர் எழுந்து நிற்பார், தேறிய படம் கண்காட்சிக்குப் போகும். இந்த மாதம் என்னை அழைத்தார்கள். வேறு யாரை அழைப்பார்கள்? லைசென்ஸ் ஆபீசில் விண்ணப்ப போட்டோக்களை ரிட்டயர் ஆகும்வரை சரிபார்த்தவன் நான். இரண்டு காதும் தெரியாத முகம் என் மேஜையைத் தாண்டியதே இல்லை.

செயலாளர் மமதா முதலிலேயே, "சார், மனசு நோகாம ஸ்வல்ப, கொஞ்சமாவது, நல்லதும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார். அப்படியேதான் சொன்னேன். முதல் படத்தில் ஒரே இருட்டு, நடுவில் மாதா கோயில் மெழுகுவத்தி. "மெழுகுவத்தி நல்ல கம்பெனி. லைட்டைப் போட்டுட்டு எடுத்திருக்கலாம்" என்றேன். டோரீன் அம்மா முகம் தொங்க எழுந்து நின்றார். அடுத்தது கலங்கலாக ஓர் ஆட்டோ. "கலர் பிரமாதம். கை நடுங்குது, டாக்டரைப் பாருங்க" என்றேன். எழுந்த ஷ்ரேயாஸ், "வேகம் தெரியணும்னு வேணும்னே எடுத்தது அங்கிள்" என்கிறான். வேண்டுமென்றே கெடுத்ததற்கு நான் என்ன மார்க் போடுவது?

அதற்கடுத்த படம். அத்திபெலே செக்போஸ்ட்டில் நிற்கும் ஒரு லாரி. பூ விற்கிற பெண் ஒருத்தி, விற்காமல் மிஞ்சிய பூவைத் தன் தலையில் வைத்து, லாரியின் பக்கக் கண்ணாடியில் அழகு பார்க்கிறாள். அவள் சிரிப்பு கண்ணாடியில் மட்டும் தெரிகிறது. காது ஒன்றுதான் தெரிகிறது. மச்சான், இன்னொரு காதை நான் தேடவே இல்லை.

"பரவாயில்லை, பாஸ்" என்றேன். எழுந்து நின்றது நம்ம வீணா!

"அவ்ளோதானாப்பா? டோரீன் ஆன்ட்டி மெழுகுவத்தியைக்கூட நல்ல கம்பெனின்னீங்களே!" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது.

இவளைப் பெற்றவன் நான்தான் என்று பஸ் ஸ்டாப்பில் நின்று கத்தலாம் போலிருக்கிறது மச்சான். என் சர்வீசிலேயே நான் பாஸ் போட்ட ஒரே ஒற்றைக் காது அது. அவளிடம் சொல்லத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள், தலைக்கனம் ஏறிவிடும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆசிகள்.

இப்படிக்கு,
அப்பாதுரை

பி.கு.: தபாலில் போட்டால் தாமதமாகும் என்று இக்கடிதத்தை நானே போனில் படம் பிடித்தேன். ஒன்றில் என் கட்டைவிரல் விழுந்திருக்கிறது, இன்னொன்றில் செருப்பு. வேறு வழியில்லாமல் வீணாவிடமே கொடுத்து, படிக்காமல் எடுத்து அனுப்பு என்று கண்டிப்பாகச் சொன்னேன். நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டாள். இப்போது கடிதத்தை என் கையில் திணித்துவிட்டு, "கண்ணைத் துடைக்காதீங்கப்பா, அப்படியே இருங்க" என்று என்னைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.