வண்டு வராத போத்தல்

காஜா பெராங்,
மலாக்கா.

சிரம்பானில் இருக்கும் என் மகள் சந்திரமதி டீச்சருக்கு, உன் அப்பா மருதமுத்து சொல்லச் சொல்ல, ஹமீது பாய் வீட்டு மருமகள் மும்தாஜ் எழுதும் கடிதம். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைத் தனியாகவும் மாப்பிள்ளை ஜெயபாலன் சௌக்கியத்தைத் தனியாகவும் விசாரிக்க வேண்டிய நிலைமையில் என்னை வைத்திருக்கிறீர்கள். ஆகையால் இரண்டு தரம் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும்.

உன் அடையாளக் கார்டில் எந்த வருஷம் போட்டிருந்தாலும் அதை நம்பாதே. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு வந்த ரயில் தண்டவாளத்தை ஜப்பான்காரன் பிடுங்கி சயாமுக்கு அனுப்பினானே, அதற்கு அடுத்த மழைக்கு நீ பிறந்தாய். கடிகாரத்தை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்து, உச்சி வெயில் இரண்டு மணிக்கு மேல் அடித்த காலம். செமாபோக்கில் ஜனங்கள் பூச்செடியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்ட காலம். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், மாப்பிள்ளை நேற்று டெலிபோன் செய்தார். உயிர் என்பது ஆதியில் சேற்றுத் தண்ணீரில் தானாக உண்டானது என்று பேத்தி விஜயாவுக்கு நீ சொல்லிக்கொடுத்தாயாம், அவர் கோயில் வகுப்பில் எல்லாம் ஆண்டவன் படைப்பு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பிள்ளை, "அப்பா, அந்தச் சேத்தைப் படைச்சது யாரு? அம்மாவைக் கேட்டா உங்களைக் கேக்கச் சொல்றாங்க" என்றதாம். அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் திரும்பவில்லையாம். ரசம் வேண்டுமென்றால்கூடப் பிள்ளை வழியாகத்தான் கேட்கிறாராம். நீ பெட்டி கட்டிக்கொண்டு இங்கே வரப் போகிறாயாம். வருவதென்றால் வா, உன் வீடு. ஆனால் இதைப் படித்துவிட்டு வா. ஏனென்றால் இதே வழக்குக்கு நான் ஒரு தரம் நீதிபதியாக இருந்தவன், அந்த வழக்கு இல்லையென்றால் நீயே இல்லை.

ஹமீது பாய் கடை அப்போதும் இந்தத் தெருவில்தான். கடை என்பது பேருக்குத்தான், உள்ளே மரவள்ளி மாவும் கொஞ்சம் சவுக்காரமும் கிடக்கும். தினம் சாயங்காலம் அங்கே பாய்க்கும் நல்லையா டிரசருக்கும் சண்டை. நல்லையா டிரசர் யாழ்ப்பாணத்து மனுஷர், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவர், எந்தச் சாமியையும் நம்ப மாட்டார், காலில் கல் இடித்தால் மட்டும் "முருகா" என்பார். உயிர் தானாக வந்தது என்பது அவர் கட்சி, அல்லா படைத்தான் என்பது பாய் கட்சி. ஒரு நாள் பாய் பொறுக்க முடியாமல், "தானா வரும்னா காட்டுங்க டிரசரே. அரிசிய வறுத்து, உள்ள இருக்கிற முட்டை கிட்டையெல்லாம் சாகடிச்சு, மிட்டாய்ப் போத்தல்ல காத்துப் போகாம மூடி வைப்போம். தானா ஒரு வண்டு வந்துட்டா நீங்க சொல்றது சரி" என்றார். டிரசருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "கோடி வருசம் எடுத்த காரியம் காணும் இது. நீர் மிட்டாய்ப் போத்திலுக்குள்ள கேக்கிறீர்." "கோடி வருஷம்லாம் நம்மால ஆகாது. சப்பான்காரன் போற வரைக்கும் வச்சுப் பாப்போம்." "சரி, வையும். ஆனா அரிசியை வடிவா வறுக்கச் சொல்லும்."

பாய் ஒளித்து வைத்திருந்த கடைசி அரிசியை எடுத்துக் கொடுத்தார். அவர் சம்சாரம் சபியாம்மா பின்கட்டில் அடுப்பை மூட்டி வறுத்தாங்க. வறுத்த அரிசி வாசனை எப்படி இருக்கும்னு மறந்தே போன ஜனம், தெரு முழுக்க வாசலுக்கு வந்து மூக்கை நீட்டிக்கிட்டு நின்னுச்சு. போத்தல்ல போட்டு மூடினதும் நான் கொண்டுவந்த ரப்பர் பாலை மூடியைச் சுத்தி ஊத்தினோம், அது இறுகுறதுக்குள்ள டிரசர் தன் பெருவிரலை அழுத்தி ரேகை வச்சாரு. நீதிபதியா என்னைப் போட்டாங்க. எனக்கு எழுத்து தெரியாது, அதனால எந்தப் புத்தகத்துக்கும் சாய மாட்டேனாம். இப்படி ஒரு பதவி எனக்கு அதுக்கு முன்னாலயும் வரல, பின்னாலயும் வரல.

அப்புறம் தினம் சாயங்காலம் டிரசர் பூதக்கண்ணாடி வச்சுக் குனிஞ்சு, "என்ர ரேகைதான்" என்பாரு. பாய் போத்தலைச் சுத்திச் சுத்திப் பார்த்து, "ஒரு வண்டும் இல்ல" என்பாரு. ஊர் ஜனம் வண்டு பார்க்க வர்ற மாதிரி வந்து அரிசியைப் பார்த்துட்டுப் போகும். பக்கத்துச் செட்டி கம்பத்துலேருந்து ஒரு பெரியவர் வருவாரு, அந்தக் காலத்துத் தமிழ் வியாபாரிங்க வம்சம், ஆனா அவுங்களுக்குத் தமிழ் வராது, மலாய்தான். நாங்க பேசுறதையெல்லாம் பொறுமையா கேட்டுட்டு, "மாக்கான் சாஜா லா" என்பாரு, தின்னுட்டுப் போங்களேன்னு அர்த்தம். அறிவு இல்லாத ஆளுன்னு டிரசரும், மார்க்கம் தெரியாத ஆளுன்னு பாயும் அவரை ஒதுக்கினாங்க. அந்த ஒரு விஷயத்துலதான் ரெண்டு பேரும் ஒத்துப்போனது.

ஒரு தடவை ஜப்பான் சிப்பாய் ஒருத்தன் கடைக்குள்ள நுழைஞ்சு போத்தலைக் கை காட்டினான். டிரசர் வெள்ளைக் கோட்டோட குறுக்க போய் நின்னு, போத்தலைத் தொட்டுக் காட்டி, வயித்தைப் பிடிச்சு, வாந்தி எடுக்கிற மாதிரி குமட்டி, தரையில மல்லாந்து கண்ணை மூடி, "காலரா"ன்னு மட்டும் சொன்னாரு. சிப்பாய் போன வேகத்துல வாசல்ல இருந்த தகரம் ரெண்டு உருண்டுச்சு. நம்ம ஆளுங்க மட்டும் ஏன் திருடலைன்னா, பாய் போத்தல் மேல ஓதி ஊதியிருந்தாரு. ஆக அந்த அரிசியை ஜப்பான்காரன்கிட்டேருந்து காப்பாத்தினது கிருமி, நம்மகிட்டேருந்து காப்பாத்தினது அல்லா. இதை மாப்பிள்ளைக்கும் படிச்சுக் காட்டு.

நீ பிறந்தே. உன் அம்மா பொன்னம்மாவுக்கு மரவள்ளி உள்ள போனா அப்படியே வெளிய வந்துடும். பால் ஊறல. உன் அழுகை வரவரப் பூனைக்குட்டி சத்தம் மாதிரி ஆயிடுச்சு. டிரசர் வந்து பார்த்துட்டு, "என்னட்ட மருந்து ஒண்டும் இல்லை. அரிசிக் கஞ்சி குடுத்தால் பால் வரும்" என்றாரு. சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் கடைக்குப் போய் நின்னேன். கேக்கல. நீதிபதி எப்படிக் கேக்கிறது? பின்னாலேயே டிரசர் வந்தாரு. யாரும் போத்தல் பக்கம் திரும்பல.

பாய்தான் ஆரம்பிச்சாரு. "டிரசரே, நான் தோத்துட்டேன்னு வச்சுக்குங்க. திறந்துருவோம்." "அதெப்படி? ஒரு வண்டும் வரேல்லை. நீர்தான் வெண்டனீர். நான் தோத்தனான்." "கோடி வருஷம் ஆகணும்னீங்களே, ஆட்டம் பாதியில நிக்குது, நான் எப்படி ஜெயிச்சதாகும்?" "கோடி வருசத்தை விடும் காணும், படைச்சவன் படைச்சிட்டான், மூடியைத் திறவும்." பாரேன், அவர் கட்சியை இவர் பேசுறாரு, இவர் கட்சியை அவர் பேசுறாரு, தோக்கிறதுக்கு அப்படி ஒரு அடிபிடி. என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் ரெண்டு பேரும் தோத்தாச்சுன்னு தீர்ப்பு சொல்லி ரப்பரைக் கிழிச்சேன். உள்ள சபியாம்மா அதுக்குள்ள உலையே வச்சிருந்தாங்க. கஞ்சி பசை மாதிரி குழைஞ்சு வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமாத் தினமும் காய்ச்சினாங்க, உன் அம்மாவுக்குப் பால் ஊறுச்சு, உன் சத்தம் இந்தத் தெரு தாங்காத அளவுக்கு ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் குறையல.

ஆகையால் மகளே, உன்னைச் சண்டை போடாதே என்று நான் சொல்லவில்லை. அந்தச் சண்டைக்கு நான் சாகும்வரை நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன். பாயும் டிரசரும் நீ பிறந்த பிறகும் சாகிறவரை அதே சண்டையைத்தான் போட்டார்கள், ஆனால் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. நீதிபதி என்ற முறையில் என் தீர்ப்பையும் கேட்டுக்கொள். நன்றாக வறுத்து மூடிய அரிசியில் வண்டு தானாக வராது, இது நான் கண்ணால் பார்த்தது, இதை மாப்பிள்ளைக்குக் கொடு. கோடி வருஷத்தை நான் பார்க்கவில்லை, அதை நீ வைத்துக்கொள். இனிமேல் ரசத்தை நீயே கேட்டு ஊற்று.

பேத்திக்கு என் முத்தம். உங்கள் இருவருக்கும் ஒரே ஆசீர்வாதம்தான் அனுப்புகிறேன், பங்கு போட முடியாது, சேர்ந்து நின்றுதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா மருதமுத்து

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் மும்தாஜ் தன் மாமியாருக்குப் படித்துக் காட்டினாள். சபியாம்மா கண்ணில் தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. "அண்ணே, அந்த அரிசிய நான் வறுக்கவே இல்லியே. வாசனை வரணுமேன்னு ஒரு பிடி வறுத்து மேலாக்கப் போட்டேன்" என்கிறாங்க. வண்டு வராம எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "ஏன் வராம? எக்கச்சக்கமா வந்துச்சு. வெள்ளிக்கிழமை இவங்க பள்ளிவாசலுக்குப் போனதும் திறந்து, புடைச்சு, வண்டைக் கோழிக்குப் போட்டுட்டு, பின்னால இருந்த மரத்துல ரப்பர் பால் எடுத்துத் திருப்பி ஒட்டிருவேன்." அப்போ டிரசர் ரேகை? "அது என் பெருவிரலு" என்று நீட்டிக் காட்டினாங்க. அந்த மனுஷர் அத்தனை நாளும் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்து என்னுதுன்னாரே. ஏம்மா இப்படிச் செஞ்சீங்கன்னேன். "வறுத்தா கஞ்சி குழையாதுண்ணே. இவங்க சண்டை எப்படி முடிஞ்சாலும் அரிசிய யாராச்சும் சாப்பிட்டுத்தானே ஆகணும். பொன்னம்மாக்காவுக்கு அப்பவே ரெண்டு மாசம் தள்ளிப் போயிருந்துச்சு." கஞ்சி குழைஞ்சப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

ஆகவே மேலே சொன்ன தீர்ப்பை அடித்துவிடவும். நன்றியையும் இடம் மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. டிரசர் போய்விட்டார், பாய் போய்விட்டார், செட்டி கம்பத்துப் பெரியவர் போய்விட்டார், உன் அம்மாவும் போய்விட்டாள். நீ பெட்டியோடு வராதே, மாப்பிள்ளையோடு வா. வந்து ரெண்டு பேருமாகக் கையைப் பிடித்து நன்றி சொல்ல, அந்தப் போத்தலைத் தொட்டவர்களில் என்னைத் தவிர இன்னும் ஒருத்தர் உயிரோடு இருக்கிறார். சபியாம்மா.