மருந்துக்கடையைத் தாண்டிய சைக்கிள்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய, என் நம்பரை ப்ளாக் செய்து வைத்திருக்கும் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அப்பா, உங்கள் பழைய எலக்ட்ரிக் சைக்கிள், நான்கு பேரும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, இந்தக் கடிதம் முடிகிறவரை உங்கள் பிரஷர் நலமாக இருக்க வேண்டும். பேப்பரில் பேனாவால் கடிதம் எழுதுவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. முதல் வரியிலேயே தப்பு செய்துவிட்டு அழிக்கிற பட்டனைத் தேடினேன். ஒரே நாளில் அறுபத்துநாலு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் யாராக இருந்தாலும் ப்ளாக்தான் செய்வார்கள் என்று அப்பா உங்கள் பக்கம் பேசுகிறார். அதில் பதினொன்று வெறும் மோட்டார் சத்தம்தான் மாமா. கேட்டுவிட்டு ஏதாவது சொல்வீர்கள் என்று அனுப்பினேன். போகட்டும், தபால்காரரை ப்ளாக் செய்ய முடியாது.

விஷயம் இதுதான். உங்கள் வண்டி ஓடுகிறது! மருந்துக்கடையைத் தாண்டி, மேட்டின் உச்சிவரை, அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு ஓடுகிறது. நான் சரிசெய்தேன். நான்!

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "அந்த வண்டிக்கு இழுப்பு வந்தா வரும், வரலைன்னா வராது. நாலு வருஷம் அதோட மல்லுக்கட்டிட்டுத்தான் உங்க வீட்டு ஷெட்ல போட்டேன். அக்காவை அந்த மேட்டு வேலையெல்லாம் வேணாம்னு சொல்லச் சொல்லு." லிஃப்ட் மெக்கானிக்கான நீங்கள் சொன்னால் அது பெரிய வார்த்தை. ஆனால் அம்மாவுக்கும் அது பெரிய வேலை மாமா. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஒன்பது வருஷமாகப் படுக்கை விரிப்பு மடித்தவளை, மேட்டு மேலே கட்டியிருக்கும் புதுக் கட்டடத்துச் சலவைப் பிரிவுக்கே சூப்பர்வைசராகக் கூப்பிடுகிறார்கள். காலை ஆறு மணிக்குப் போய்க் கதவைத் திறக்க வேண்டும், முதல் பஸ்ஸோ ஆறரைக்கு. அம்மாவின் முட்டி அந்த மேட்டை நடந்து ஏறாது. பெடலை மிதிக்கும்போது மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளினால்தான் உண்டு. அதனால் அன்றைக்கே நான் அம்மாவிடம், "நீ சரின்னு சொல்லு, வண்டியை நான் பாத்துக்கறேன்" என்றேன். அம்மா "பாக்கலாம்" என்றாள். இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் எந்தக் கோர்ஸும் படிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வோல்ட் வாத்தியாரின் சேனலில் முந்நூற்று நாற்பது வீடியோவையும் பார்த்து முடித்தவள் நான். எந்த வண்டியைக் கொடுத்தாலும் வாத்தியார் முதலில் சொல்வது "கனெக்டரைப் பாரு" என்பதுதான். பார்த்தேன். பச்சையாகப் பாசி மாதிரி பிடித்திருந்தது. பாத்ரூமில் கிடந்த பழைய பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். அது பழைய பிரஷ் இல்லை என்பது மறுநாள் காலையில் அப்பா பல் தேய்க்கும்போது தெரிந்தது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலைச் சுற்றினால் பின்சக்கரம் விர்ரென்று சுற்றுது, தெருவில் ஓட்டினால் அப்படியே தூக்கிட்டுப் போகுது. நான் வீடியோ எடுத்து வாத்தியாரின் ரசிகர் குரூப்பில் போட்டு முப்பத்தெட்டு ஹார்ட் வாங்கிவிட்டேன். மறுநாள் காலையில் அம்மா அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பி, மேட்டில் ஒரு ட்ரயல் பார்த்துவிட்டு அப்படியே வேலைக்குப் போகிறேன் என்று போனாள். மேடு தொடங்கும் இடத்தில் இருக்கிறதே, இருபத்துநாலு மணி நேர மருந்துக்கடை, சரியாக அதன் வாசலில் மோட்டார் நின்றுவிட்டது.

சரி, சென்சார் என்றேன். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு வளையம், அதில் பன்னிரண்டு குட்டிக் காந்தம், அது சுற்றுவதைப் பார்த்துத்தான் மோட்டாருக்கு நாம் மிதிக்கிறோம் என்று தெரியும். எண்ணினால் பதினொன்று! துள்ளிக் குதித்துவிட்டேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஸ்ட்ராபெரி பொம்மையின் முதுகிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி ஒட்டினேன். தெருவில் பறந்தது. மருந்துக்கடையில் நின்றது. கண்ட்ரோலரைத் திறந்து ஹேர் டிரையரால் ஈரம் போக்கினேன், தெருவில் பறந்தது, மருந்துக்கடையில் நின்றது. பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தேன், வயரை மாற்றினேன், டேப் சுற்றினேன், சுற்றிய டேப்பைப் பிரித்தேன். எதைச் செய்தாலும் எனக்கு ஓடுது, அம்மாவுக்கு மருந்துக்கடையில் நிக்குது. கடைக்காரர் முதல் நாள் அம்மாவுக்கு முட்டிக்குத் தடவ ஒரு சாம்பிள் ட்யூப் கொடுத்தார். மூன்றாம் நாள் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார். ஐந்தாம் நாள், "என்னக்கா, இன்னிக்கும் நம்ம ஸ்டாப்தானா?" என்றாராம்.

அப்பா ஒரு தியரி சொன்னார். "மெஷினைக் குத்தம் சொல்லாதே. உங்கம்மா வெயிட்டை அது தாங்கல." அன்றைக்குச் சாப்பாட்டை அப்பா தானே சுடவைத்துத் தானே பரிமாறித் தானே சாப்பிட்டார். ஆனாலும் அறிவியல் என்றால் சோதித்துப் பார்க்க வேண்டும் இல்லையா? அம்மா எடைக்குச் சரியாக வரும்வரை பின்னால் தண்ணி கேன்களைக் கட்டி நானே மேட்டில் ஏறினேன். ஏறிடுச்சு மாமா! வெயிட்டுக்கும் ஏறுது, மேட்டுக்கும் ஏறுது, உங்க அக்காவுக்கு மட்டும் ஏற மாட்டேங்குது! வாத்தியாருக்குப் பதினாலு கமெண்ட் போட்டேன். பதினைந்தாவதுக்குப் பதில் வந்தது: "கனெக்டர்?" அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வால்பேப்பராக வைத்திருக்கிறேன்.

அப்புறம்தான் மாமா எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் வண்டியையே பாத்துட்டிருக்கேன், அம்மா ஓட்டறதைப் பாக்கவே இல்லையே! மறுநாள் காலையில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா பின்னாடியே ஓடினேன். "என்னடி, கல்யாண வீடியோ மாதிரி எடுக்கற? போ வீட்டுக்கு." "நீ பேசாம மிதிம்மா!" மருந்துக்கடை வந்தது, வண்டி நின்றது, அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் நடைபாதையிலேயே குந்தி அந்த வீடியோவை ஸ்லோ மோஷனில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்த்தால்... பை!

இடது கைப்பிடியில் அம்மாவின் பை. அந்தப் பைக்குள் ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தலாம். சாப்பாட்டு டப்பா, ரெண்டு தண்ணி பாட்டில், குடை, மாற்றுச் செருப்பு. அதன் வாரைக் கைப்பிடிக்கும் பிரேக் லீவருக்கும் சேர்த்து மாட்டியிருக்கிறாள். சமதரையில் பை சும்மா தொங்குது. மேடு ஆரம்பிச்சதும் பின்னால் சாயுது, லீவரை ஒரு நகத்தளவு இழுக்குது. பிரேக்கே பிடிக்காது, ஆனால் லீவருக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கே, பிரேக்கைத் தொட்டாலே மோட்டாரை நிறுத்திடுமே, அது வேலையைக் காட்டிடுது. வண்டி ஒழுங்காகத்தான் இருந்திருக்கு மாமா! பிரேக் பிடிக்கிறாங்கன்னு நினைச்சு மரியாதையா நின்னிருக்கு!

"அம்மா, பையைக் குடு!"

"எதுக்குடி? அதுல சாப்பாடு இருக்கு."

"உன் சாப்பாட்டை நான் திங்க மாட்டேன், குடும்மா!"

பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். அம்மா மிதித்தாள். வண்டி உம்மென்று ஒரு சத்தம் போட்டுக் கிளம்பியது. போறா, போறா, போயிட்டே இருக்கா. திரும்பிக்கூடப் பாக்கல. உச்சியில் புதுக் கட்டடத்து கேட் முன்னால் போய் நின்று பெல் அடித்தாள். மூணு தடவை. கீழே எனக்குக் கேட்டுச்சு மாமா. மருந்துக்கடைக்காரர் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அன்றைக்கே என்னுடைய பழைய ஸ்கூல் பையை அம்மாவுக்குக் கொடுத்தேன். "இதை முதுகுல மாட்டிட்டுப் போனா அட்மிஷனுக்கு வந்திருக்கேன்னு நினைப்பாங்கடி" என்றாள். ஆனாலும் மாட்டிக்கொண்டாள். இன்றோடு ஒன்பது நாள். தினமும் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை மேடேறிப் பார்க்கிறாள், ஒரு நாள்கூட வண்டி நிற்கவில்லை. எல்லாம் அந்த முதுகுப் பையின் மகிமை. கையோடு கையாக, தொளதொளவென்று இருந்த அந்த லீவருக்குள் துணி கிளிப்பிலிருந்து ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டேன். அதையெல்லாம் ரிப்பேரில் சேர்க்காதீர்கள், சும்மா அழகுக்குச் செய்தது. குரூப்பில்கூடப் போடவில்லை.

பை கதையைக் குரூப்பில் போட்டதும் ஆயிரத்து நூறு லைக். வாத்தியாரே வந்து "பையும் ஒரு கனெக்டர்தான்" என்று எழுதினார். நான் வீட்டுக்குள் ஒரு ரவுண்டு ஓடிவிட்டு வந்தேன். 'துருப்பிடிச்ச செயின்' என்று ஒருவன் மட்டும், "ஆக மொத்தம் நீ எதையும் சரி பண்ணல, ஒரு பையைக் கழட்டியிருக்கே" என்றான். கொஞ்சம் வலித்தது. ஆனால் மாமா, எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதும் ரிப்பேர்தானே? நான்கு வருஷமாக ஒருவர் கண்டுபிடிக்கவில்லையே? அந்த ஒருவரும் இதே இடது கைப்பிடியில்தான் டிபன் பையை மாட்டுவார் என்று அம்மா சொன்னாள். நான் எதுவும் சொல்லவில்லை. தகவலுக்காக எழுதினேன். சிரிக்கவும் இல்லை.

இப்போது நான் கேட்பது இரண்டே இரண்டு. ஒன்று, அன்ப்ளாக். இரண்டு, அம்மாவுக்குப் போன் செய்து, "அக்கா, வண்டி சரியாயிடுச்சாமே, வேலைக்குச் சரின்னு சொல்லிடு" என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொன்னது நீங்கள், அதனால் நீங்கள் சொன்னால்தான் அவள் மனசு மாறும். வெள்ளிக்கிழமைக்குள் மாமா, ப்ளீஸ்.

அத்தைக்கு என் அன்பு முத்தங்கள். வீட்டு மிக்ஸி விட்டு விட்டு ஓடுகிறதாமே? யாரும் தொட வேண்டாம், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஷெட்டு வண்டியை உச்சிக்கு ஏற்றிய,
அன்பு மருமகள்

பின்குறிப்பு: கடிதத்தை எங்கே போய்ப் போடுவது என்று தெரியவில்லை. போகிற வழியில் தானே போட்டுவிடுவதாக அம்மா சொல்கிறாள். ஒட்டாமல் கொடு, உன் கையெழுத்துக்கு அட்ரஸை நான்தான் எழுதணும் என்கிறாள்.

தம்பி, அக்கா எழுதறேன். ஒட்டாமத்தான் குடுத்தா, படிச்சுட்டேன். அந்த முதுகுப் பையை அவ கண்ணுக்குத் தெரியற வரைக்கும், தெருமுனை வரைக்கும்தான் மாட்டிட்டுப் போறேன். முதுகெல்லாம் வேர்க்குது. முனை திரும்பினதும் கழட்டி, பழையபடி இடது கைப்பிடியிலயே மாட்டிடறேன். ஒம்போது நாளும் அப்படித்தான் ஏறினேன். அவ போட்ட ஸ்பிரிங்குக்கு அப்புறம் அந்த பிரேக்கு என் பைக்கெல்லாம் அசையறதே இல்ல. அழகுக்குன்னு எழுதியிருக்கா பாரு. நல்லாவே சரி பண்ணியிருக்கா, அவளுக்கே தெரியல. இப்ப சொல்லிடாதே, உனக்கு நூறு மெசேஜ் வரும்.

வேலைக்கு நீ ஒண்ணும் சிபாரிசு பண்ண வேணாம். முதல் நாளே சரின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். அவகிட்ட சொல்லியிருந்தா பயத்துல வண்டியைத் தொட்டிருக்கவே மாட்டா, அதான் யோசிக்கிற மாதிரியே இருக்கேன். நீ வேணாம்னு சொன்ன அன்னிக்கு சாயங்காலம்தான் போட்டேன். வண்டியை அவ பாத்துக்கறேன்னு சொல்லிட்டாளே.