முதலில் செய்ய வேண்டியது எது?

பிரிண்டர் தானாகவே ஒரு தாளைத் துப்பியபோது, அறையின் மறுகோடியில் கேஷியர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரவுட்டர் என்றால் என்ன என்று கண்ணை மூடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

வீட்டில் வேறு ஆள் கிடையாது. மனைவி ஆஸ்பத்திரி ரிசப்ஷன் வேலைக்குப் போயிருந்தாள். மத்தியான வெயிலில் தெருவே உறங்கிக் கிடந்தது. பிரிண்டர் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது. எழுந்து போய்த் தாளை எடுத்துப் பார்த்தார். நடுவில் இரண்டே சொற்கள்.

'யார் அங்கே?'

அதை அவர் அல்லவா கேட்க வேண்டும்!

கேஷியர் என்பது பழைய பட்டம். அவர் உட்கார்ந்திருந்த வங்கிக் கிளையை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் உதவி மைய வேலைக்கு ஒரு சான்றிதழ் வாங்கி வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. இரண்டு முறை எழுதிக் கோட்டை விட்டாயிற்று. இனி ஒரே ஒரு வாய்ப்புதான். அதிலும் போனால் சகலையின் சிமெண்ட் கிடங்குதான் கதி. "அண்ணன் நம்மகிட்டதான் வரப்போறாரு, நோட்டு எண்ணின கை, மூட்டை எண்ணாதா?" என்று சகலை இப்போதே சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிந்தான்.

பிரிண்டர் மறுபடி முனகியது. கேஷியர் ஒரு கத்துக் கத்திவிட்டு, கைக்கு அகப்பட்ட போர்வையை எடுத்து அதன் தலையில் போட்டார்.

கதவு தட்டப்பட்டது. மாடிவீட்டுக்காரர். தனிக்கட்டை, மெலிந்த மனிதர், படியில் இறங்கினால் காலடிச் சத்தமே கேட்காது.

"என்ன சார், யாரோ அலறின மாதிரி இருந்துச்சே?"

கேஷியர் தாளை நீட்டினார்.

"ஐயய்யோ," என்றார் மாடிவீட்டுக்காரர். "அதுக்கு என்ன பண்ணீங்க?"

"போர்வை போட்டேன்."

"போர்வை!" அவர் அதை மெல்லத் தொட்டுப் பார்த்தார். "இது எனக்குத் தோணவே தோணாது சார்."

மாலையில் மனைவி வந்தாள். "என்னங்க, மெஷின் மேல எதுக்கு என் புதுப் போர்வை?"

"குளிருமேன்னு..."

"பிரிண்டருக்கா?"

நடந்ததைச் சொன்னார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தாள். "படிக்காம இருக்க எவ்வளவு சாக்குங்க! ரெண்டு ஷிப்ட் பாத்துக் காலு வீங்கிக் கிடக்கு எனக்கு. இந்தத் தடவை நீங்க பாஸ் பண்ணலைன்னா நானே உங்கள கிடங்கு வாசல்ல விட்டுட்டு வருவேன்."

தேர்வு நடத்துகிறவர்கள் நாள்தோறும் மாதிரிக் கேள்வி அனுப்புவார்கள். மறுநாள் காலை வந்ததைக் கேஷியர் திறந்தார்.

'ஒருவரின் வீட்டில் பிரிண்டர் தானாக அச்சிடுகிறது. முதலில் செய்ய வேண்டியது எது? (அ) அச்சு வரிசையைத் திறந்து, யார் அனுப்பியது என்று பார்ப்பது. (ஆ) மை மாற்றுவது. (இ) போர்வையால் மூடுவது.'

"இங்க பாரு, போர்வைன்னே போட்டிருக்கான்!"

"உங்கள மாதிரி உலகத்துல நாலு பேரு இருக்கமாட்டாங்களா? விடுங்க," என்று சொல்லிவிட்டு மனைவி வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் டிவி தானாக எரிந்தது. திரையில் ஒரு காலி நாற்காலி. அதற்குப் பின்னால் ஒரு சுவர். வேறொன்றும் இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி நாற்காலி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கேஷியர் ரிமோட்டை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். நாற்காலி போகவில்லை. டிவியை அப்படியே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். இப்போது சுவரிலிருந்து மூச்சு விடுகிற சத்தம் வந்தது.

விழுந்தடித்து வாசலுக்கு ஓடினார். படியில் மாடிவீட்டுக்காரர் நின்றிருந்தார்.

"என்னாச்சு சார்? இப்ப என்ன பண்ணீங்க?"

"திருப்பி வெச்சுட்டேங்க..."

"திருப்பியா? வீட்டை விட்டு மட்டும் போயிடாதீங்க சார். தைரியமா இருங்க."

எவ்வளவு நல்ல மனிதர் என்று கேஷியருக்குக் கண் கலங்கியது.

மறுநாள் கேள்வியில், '(ஈ) தொலைக்காட்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது' இருந்தது.

இனிப் பொறுக்க முடியாது என்று வைஃபை பாஸ்வேர்டை மாற்றினார். பேய்க்கும் வாயில் நுழையாதபடி ரொம்ப நீளமாக வைத்தார். மனைவிக்குச் சொன்னார். வைஃபை பில்லில் பாதி கொடுக்கிறவர் என்பதால் மாடிவீட்டுக்காரருக்கும் சொன்னார். அப்புறம் தானே மறந்துபோனார். மனைவியிடம் கேட்டால் திட்டு விழும். மாடியேறிப் போய்த் தன் வீட்டுப் பாஸ்வேர்டைப் பிச்சை கேட்கிற மாதிரி வாங்கி வந்தார்.

வந்து உட்கார்ந்தால், மடிக்கணினியின் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அவர் கையை எடுத்துவிட்ட பிறகும் அவசரமே இல்லாமல் ஊர்ந்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, எதையோ தேடுகிற மாதிரி பார்த்து மூடியது. கடைசியில் அவருடைய பாடக் குறிப்பில் போய் நின்றது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'ஏன் கையை எடுத்துவிட்டீர்கள்?'

கேஷியர் மடிக்கணினியை மடக்கினார், ஃப்ரிட்ஜுக்குள் காய்கறிக்கு நடுவில் திணித்தார், கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். வாசலில் எட்டிப் பார்த்த மாடிவீட்டுக்காரரிடமும் நின்ற இடத்திலிருந்தே நடந்ததைச் சொன்னார். மனைவி வந்து இழுத்து நகர்த்துகிற வரைக்கும் நின்றார்.

மடிக்கணினி செத்துப்போயிருந்தது. குறிப்புகளும் கூடவே போய்ச் சேர்ந்தன. மனைவி திட்டவில்லை. தக்காளியை எடுத்துத் துடைத்துக்கொண்டே அழுதாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"நான் பொய் சொல்லலைம்மா. இந்த வீட்டுல யாரோ இருக்காங்க."

"இருக்கட்டுங்க. அவங்களாவது வேலைக்குப் போறாங்களான்னு கேளுங்க."

தேர்வு நாளன்று கேஷியர் ஒன்றும் படிக்காமல்தான் போனார். படிக்க என்ன இருந்தது? கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து முதல் கேள்வியைக் காட்டினார்கள்.

பிரிண்டர். போர்வை.

அடுத்தது டிவி. அதற்கடுத்தது, 'அம்புக்குறி தானாக நகர்கிறது. முதலில் செய்ய வேண்டியது எது? (அ) இணையத் தொடர்பைத் துண்டிப்பது. (ஆ) புதிய மவுஸ் வாங்குவது. (இ) கணினியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது.'

கேஷியர் பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் வீடே திரையில் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. அப்புறம்தான் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அவர் செய்ததெல்லாம் தப்பு. ஆகவே, தான் ஆயுசில் செய்திராதது எதுவோ, செய்யவே தோன்றாதது எதுவோ, அதுதான் சரி. விறுவிறுவென்று அழுத்திக்கொண்டே போனார். அந்தச் சரியான விடைகளில் ஒன்றையாவது வீட்டில் செய்து பார்த்திருக்கலாமே என்று அப்போதும் அவருக்குத் தோன்றவில்லை. பரீட்சை வேறு, வீடு வேறு.

பாஸ். நூற்றுக்கு நூறு!

கம்பெனிக்காரர்கள் அன்றைக்கே ஃபோன் செய்து வேலையை உறுதி செய்தார்கள். மனைவி ஃபோனைப் பிடுங்கி, முதல் வேலையாகத் தங்கையைக் கூப்பிட்டாள். "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, மூட்டை எண்ண வேற ஆளு பாத்துக்கச் சொல்லு!" அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று. கேஷியருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பேயைக்கூட மன்னித்துவிட்டார்.

இனிப்புப் பெட்டியோடு மாடியேறினார். கஷ்டத்தில் கூட நின்ற மனிதருக்கு முதலில் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? கதவு திறந்தே இருந்தது. மாடிவீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"பாஸ் சார், பாஸ்!" என்று கத்தினார் கேஷியர். "வேலையும் கிடைச்சாச்சு. அதுவும் ஆபீஸுக்கே போக வேண்டாமாம். வீட்டுலேருந்தே பாக்கலாமாம்!"

மாடிவீட்டுக்காரர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நல்ல வேளை சார்! இந்தப் பரீட்சைக்குக் கேள்வி எழுதறது நான்தான், ஒரு வீட்டுல செஞ்சு பாக்காம எதையும் அனுப்பமாட்டேன். அடுத்து தீ விபத்துல அஞ்சு கேள்வி கேட்டிருக்காங்க, நீங்க ஆபீஸுக்குக் கிளம்பிடுவீங்களோன்னு பயந்தே போயிட்டேன்."