சம்பந்தியை ஆறு மாடி ஏற வைத்தது பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீ நலமில்லை என்று அத்தான் போனில் சொன்னார். காரணம் நான்தான் என்றும் சொன்னார். ஆகவே நலம் விசாரிப்பதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

உன் மகளுக்கு மாமனார் மாமியார் ஆகப்போகிறவர்கள் வந்த அன்று நடந்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறாய். டாக்டர் எனக்கு ஆட்டிசம் என்று சொன்ன நாளிலிருந்து, அதை வெளியில் சொல்லாதே, சிரித்த முகமாக இரு, போதும் என்கிறாய். அப்படியேதான் இருந்தேன். சம்பந்தி தன் தாயார் இறந்த கதையைச் சொன்னபோதும் சிரித்த முகமாகவே இருந்தேன், எப்போது நிறுத்துவது என்று நீ சொல்லவில்லை. அதற்கு முன்னால் லிஃப்ட் விவகாரம். உங்கள் லிஃப்ட் தரையோடு சமமாக நிற்காமல் சற்று இறங்கி நின்றது, பிரேக் தேய்ந்தால் அப்படித்தான் நிற்கும், லிஃப்ட் பரிசோதித்துச் சம்பளம் வாங்குகிறவள் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா வர முடியுமா, மெயினை அணைத்து 'பழுது' என்று பலகை மாட்டினேன், அப்புறம் சம்பந்தி முழங்கால் வலியோடு ஆறு மாடி ஏறி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினால் நான் என்ன பண்ணட்டும், உயிரோடுதானே வந்து சேர்ந்தார்? இதை அவரிடமும் சொன்னேன்.

பிறகு டிவி, மிக்சி, எல்லாருடைய பேச்சும் சேர்ந்து மண்டையைப் பிளந்ததால் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சம்பந்தியம்மாவைக் காணோம் என்று வீடே தேடியதும், கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று நீ அழுததும் உள்ளேயே கேட்டது. அவர் தானாக வந்து உட்கார்ந்த பிறகும் உனக்குக் கோபம் தீரவில்லை. "உன்னாலதான் அந்தம்மா எழுந்து போனாங்க. கல்யாணத்துக்கு நீ வரவே வேண்டாம்" என்றாய்.

சரி, வரவில்லை. உன் மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். அவள் கல்யாணத்தைப் பார்க்க முடியாதது எனக்கு வருத்தம். முகத்தில் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

மணமக்களுக்கு ஆசீர்வாதம். அத்தானுக்கு வணக்கம். பிரேக் மாற்றும்வரை எல்லாரும் படியில் போங்கள்.

இப்படிக்கு,
கல்யாணத்துக்கு வராத தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சம்பந்தியம்மா போன் செய்தார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அன்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை; இப்போது சொல்லலாம் என்கிறார். அவர் கோபித்துக்கொண்டு எங்கும் போகவில்லை. நான் போவதற்கு முன்பே ஸ்டோர் ரூமில் துணி மூட்டைமேல் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார். அதற்குமேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த நல்ல துணை அதுதான். "மண்டபத்துல ஸ்டோர் ரூம் இருக்கான்னு பாத்து வைங்க. நீங்க வரலைன்னா நானும் வரலை" என்கிறார். மாப்பிள்ளையின் அம்மா இல்லாமல் கல்யாணத்தை எப்படி நடத்துவது என்று நீதான் யோசிக்க வேண்டும். நான் நாளை மண்டபத்துக்குப் போகிறேன். லிஃப்டையும் பார்த்துவிடுவேன்.