பொட்டு வைத்த மெஷின்

ஒரு காட்டில் ஊசிமருந்து ஆலை ஒன்று இருந்தது. அதில் ஒரு தானியங்கி மெஷின். ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் ஊசிக்குழலில் மருந்தை அளந்து ஊற்றும், ரப்பர் மூடியால் அடைக்கும், பிறகு தன் கேமராக் கண்ணால் உற்றுப் பார்க்கும். தூசு தெரிந்தாலோ மருந்து குறைந்தாலோ கழிவுக் கூடைக்குத் தள்ளிவிடும். அதை ஓட்டும் வேலை செங்கமலம் என்ற முள்ளம்பன்றிக்கு. வேலைக்கு எடுத்தபோது அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. முதுகைப் பார்த்தார்கள், "ஊசியில் நல்ல அனுபவம்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆயுத பூஜை வந்தது. ஆலையின் முதலாளியான சிங்கராஜா, "பொட்டு இல்லாத இடம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது!" என்று கர்ஜித்தார். சொன்ன சொல் தட்டாத செங்கமலம் மெஷினின் தலை, கை, கால் எங்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கண் மட்டும் பாவம், வெறுமையாக இருந்தது. அதற்கும் தாராளமாக ஒன்று வைத்தாள்.

மறுநாள் மெஷின் ஓடியது. பார்த்த ஊசியில் எல்லாம் அதற்குச் சிவப்புக் கறை தெரிந்தது. அத்தனையும் கூடைக்குப் போயின. காட்டிலோ காய்ச்சல் காலம். ஆஸ்பத்திரி வாசலில் முயலும் மானும் சுருண்டு கிடந்தன. செங்கமலத்தின் ஒரே குட்டிக்கும் உடம்பு அனலாய்க் கொதித்தது.

ராஜாவுக்கும் காய்ச்சல். "மெஷினைக் கெடுத்தவன் எவனோ, அவன்தான் இன்னைக்கு எனக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்க!" என்றார்.

செங்கமலத்துக்கு முள்ளெல்லாம் நடுங்கியது. ஆனால் பிள்ளையின் முகம் கண்ணிலேயே நின்றது. "நான்தாங்க ராஜா. நீங்க சொன்னீங்களேன்னு கண்ணுலயும் பொட்டு வச்சுட்டேன். துடைச்சாச் சரியாயிடுங்க."

நல்ல நீதிக்கதையாக இருந்தால் இந்த இடத்தில் ராஜா அவள் நேர்மையை மெச்சி முத்துமாலை போட்டிருப்பார். இவருக்கு முகம் கறுத்தது. "அப்போ தப்பு என் உத்தரவுலங்கிறியா?"

தரக்கட்டுப்பாட்டு அதிகாரியான கரடி குறுக்கே பாய்ந்தது. "யார் மேலயும் தப்பில்லை ராஜா. சிவப்பாத் தெரியிறதுதான் நல்ல ஊசின்னு மெஷினுக்குச் சொல்லிட்டாப் போச்சு!"

சொல்லியும் விட்டது. அப்புறம் என்ன, எல்லா ஊசிகளும் தேறின. பாதி நிரம்பியதும் தேறியது, ஒன்றுமே இல்லாததும் தேறியது.

முதல் ஊசி ராஜாவுக்கு. "அடடா, மருந்து இறங்கினதே தெரியலையே!" என்று வியந்தார். இறங்குவதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே? எல்லோரும் கைதட்டினார்கள். செங்கமலமும் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே. அங்கேயே அவளைத் தலைமைப் பொட்டு அலுவலர் ஆக்கினார்கள்.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் கலைந்ததும், அவள் முந்தானையால் மெஷினின் கண்ணைத் துடைத்தாள். கரடி போட்ட கட்டளையை நீக்கினாள். மெஷினைக் கொஞ்சம் ஓட்டி, நிரம்பித் தேறி வந்த ஊசியில் ஒன்றை எடுத்து மடியில் செருகினாள். எல்லாவற்றையும் பழையபடி ஆக்க, முதலில் பொட்டுக்காகக் குங்குமத்தில் விரலைத் தோய்த்தாள்.

"இரும்மா, இரு!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கரடி நின்றுகொண்டிருந்தது, தோளில் ஈரத்துண்டோடு.

"அதுக்குள்ள வச்சுடாதே. எங்க வீட்டுலயும் நாலு பேருக்குக் காய்ச்சல்."

நீதி: மேலிடம் வைக்கச் சொன்ன பொட்டை ஊரறியத் துடைக்காதே; உன் வீட்டு ஊசி நிரம்பும்வரை துடைத்துக்கொள், பிறகு மறக்காமல் திரும்ப வை.