வேப்பிலை கட்டிய ஜீப்

வண்டி ஓட்டுகிறவரிடம் "கொஞ்சம் மெதுவாகப் போங்கள்" என்று சொல்ல வாய் வராத பெண்களில் நானும் ஒருத்தி. சொன்னால் அவர் மனம் நோகுமோ, சொல்லாவிட்டால் நம் உயிர் போகுமோ என்று யோசித்து முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அப்படி யோசித்து யோசித்தே ஒருமுறை கல்வராயன் மலையில் சாமியாகிவிட்டேன்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். தங்கள் பிள்ளைகளுக்கும் படிப்பிலும் வேலையிலும் பங்கு வேண்டும் என்று சாலைக்குக் குறுக்கே மரங்களை வெட்டிப் போட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் நின்றபடியே தூங்கின. அந்த நேரம் பார்த்து ஆத்தூரில் என் அண்ணனுக்குக் கல்யாணம். அவனுக்கு நான் ஒரே தங்கை. தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால், மீதியை நான்தான் போட வேண்டும். ("நீ வராம நான் தாலியத் தொடமாட்டேன்" என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தான். பாசம்தான். அதற்காகப் பெண் வீட்டார் காதில் விழுகிற மாதிரியா சொல்வது?)

என் கணவர் முன்னாலேயே கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். நான்தான் கைக்குழந்தைக்குச் சளி, இன்றைக்கா நாளைக்கா என்று குழம்பிக் கொண்டிருந்தேன். அதற்குள் ரோடு அடைத்துக்கொண்டது.

"இன்னாத்துக்கு அண்ணி அழுதுக்கினு இருக்கீங்க? சேலம் ரோட்டுலதான மறிச்சிருக்காங்க. மலை ஏறி அந்தாண்ட எறங்குனா ஆத்தூரு" என்றான் கொழுந்தன் குமரேசன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் ஒரு ஜீப்போடு வந்து நின்றான். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வருகிற அவன் சிநேகிதனுடையது. மேல்படுதா கிழிந்து வானம் தெரிந்தது. பிள்ளைக்கு வெயில் படுமே என்று வாசல் வேப்ப மரத்தில் கொத்துக் கொத்தாக ஒடித்து, மேலே கம்பிகளில் சுற்றிலும் கட்டினேன். வண்டியில் வேப்பிலை கட்டினால் உள்ளே அம்மை கண்டவர் இருக்கிறார் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பி.எஸ்சி. இயற்பியல் படித்த எனக்கு மட்டும் அன்றைக்குத் தோன்றவில்லை.

கச்சிராயபாளையத்துக்கு முன்னால் ஒரு புளியமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த இளைஞர்கள் எங்கள் ஜீப்பைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றினார். கிளைகளை இழுத்துப் போட்டு ஓரமாக வழிவிட்டார்கள்.

"பாத்து இட்டுக்கினு போங்கம்மா" என்றார் ஒருவர், கையெடுத்துக் கும்பிட்டு.

படித்த பெண்ணுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்று பூரித்துப் போனேன். (நான் டியூஷன் எடுப்பது அதற்குள் இவ்வளவு தூரம் தெரிந்துவிட்டதா என்றும் ஒரு சந்தேகம்.)

மலைப்பாதை ஆரம்பித்ததும் குமரேசன் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் சீப்பு என்று மாறிவிட்டான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மையவிலக்கு விசை பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். கொழுந்தனிடம் ஒரு வரி சொல்ல முடியவில்லை. சுற்றி வளைத்துப் பார்த்தேன்.

"பள்ளம் ரொம்ப ஆழமா தம்பி?"

"ஆழமாவா? முன்ன ஒரு லாரி வுழுந்துச்சு அண்ணி. வுழுந்த சத்தம் இன்னும் வரல!" என்று முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அவன் மறுபடி முன்னால் திரும்பியபோது வளைவில் ஒரு மாடு நின்றது. பிரேக் கிறீச்சிட்டது. ஜீப் சரளையில் வழுக்கி, நல்ல காலம், பாறைப் பக்கத்து வாய்க்காலில் இறங்கிச் சாய்ந்தது. அண்ணனுக்காகக் கொண்டுவந்த சீர்த்தட்டில் இருந்த மஞ்சள் தூளும் குங்குமமும் எழும்பி அப்படியே என் தலையில் கவிழ்ந்தன. நெஞ்சோடு அணைத்திருந்த பிள்ளையைத் தலை, கை, கால் என்று தடவித் தடவிப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவியைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பிடிக்கக் கிடைத்த வேப்பங்கொத்து. தலை அவிழ்ந்து, முகமெல்லாம் மஞ்சளும் குங்குமமுமாக வெளியே வந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக யோசிக்காமல் பேசினேன்.

"ஏன்டா! பச்சப்புள்ள மடியில இருக்குன்னு தெரியாது? உனக்குக் கண்ணு முன்னாடி இருக்கா, முதுகுல இருக்காடா?"

சத்தம் கேட்டுச் சாமைக் கொல்லையிலிருந்து ஓடி வந்தவர்கள் தூரத்திலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "ஆத்தா வந்துட்டா!"

"ஆத்தா கேக்குறாள்ல? கால்ல வுழுடா!" என்று ஒரு பெரியவர் அதட்ட, குமரேசன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "சத்தியமா இனிமே மெதுவா ஓட்டுறேன் அண்ணி... ஆத்தா!"

'நான் சாமி இல்லைங்க, பி.எஸ்சி.' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தாலியோடு காத்திருக்கும் அண்ணன் நினைவுக்கு வந்தான். "வண்டியத் தூக்கணும்" என்றேன். தூக்கிவிட்டார்கள்.

ஒரு பெண் என் காலில் தண்ணீர் ஊற்றிவிட்டு, "எம் மவளுக்கு எப்ப ஆத்தா கண்ணாலம் ஆவும்?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் விளையாடத் தோன்றவில்லை.

"முதல்ல அவள படிக்க வைம்மா. கல்யாணம் தன்னால வரும்."

எந்த ஆத்தாவும் அவளுக்கு இப்படிக் குறி சொன்னதில்லை போலும். திகைத்துப்போய்த் தலையாட்டினாள்.

அதற்கப்புறம் குமரேசன் ஓட்டிய வேகத்தில் ஆடுகள் எங்களை முந்திக்கொண்டு போயின. முகூர்த்தம் நழுவிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் வேகமா போங்க தம்பி" என்று சொல்லலாமா? சொன்னால் ஆத்தா பேச்சு மாறுகிறாள் என்று நினைப்பானோ? யோசித்துக்கொண்டே ஆத்தூர் வந்து சேர்ந்தேன்.

மண்டபத்தில் அண்ணன் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண்ணின் அப்பா அவனையே முறைத்துக்கொண்டிருந்தார். முகம் கழுவ நேரமில்லை. அப்படியே மணமேடைக்கு ஓடினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்த மணப்பெண் "ஐயோ" என்று அலறியதும், நான் முடிச்சுப் போட்டதும் ஒரே நேரத்தில் நடந்தன. கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. "அன்னைக்குப் பயந்தவதான், இது வரைக்கும் எம் நாத்தனார எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல" என்பாள் அந்த மணப்பெண், என் அண்ணி.

அன்று கொட்டாவி விட்டவன்தான் இப்போது எங்களை மலைக்குக் காரில் அழைத்துப் போகிறான். வளைவுகளில் அப்படியே சித்தப்பா. நான் பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பேன். இன்றும் எனக்கு அந்த ஒரு வரி வருவதில்லை. முன்சீட்டில் மகன் பக்கத்தில் இருக்கும் குமரேசன்தான், நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு, அவன் தோளைத் தட்டுவான்.

"டேய், மெதுவா போடா. உங்கம்மா வேப்ப மரமா பாத்துக்கினு வராங்க."